சீவிய முனை

அவளுக்கு அந்த வீட்டில் விழுந்த பெயர் வாயில்லாப்பூச்சி. வைத்தவள் ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் சமையலில் உப்பே இல்லை. மற்றவர்கள் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார்கள். இவள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தட்டை வழித்துவிட்டு எழுந்து போனாள். அன்று சமைத்தது மூத்தவள்தான். "சரியான வாயில்லாப்பூச்சியா இருக்கே இது" என்று சிரித்தாள். நாளாக ஆக முன்பாதி தேய்ந்து பூச்சி மட்டும் நின்றது. மூத்தவளின் கணவர் அப்படிக் கூப்பிட்டார், தெருவில் கூப்பிட்டார்கள், கடைசியில் கட்டியவனே கூப்பிட ஆரம்பித்தான். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதானே.

வாய்க்கும் சேர்த்து அவள் கண் வேலை செய்தது. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே உள்ளே வந்திருப்பது யார், கோபமாக வந்தாரா சும்மா வந்தாரா என்று தெரிந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்குப் படிப்பு ஏறாதது காரணமில்லை. அங்கே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிட ஊருக்கு வெளியே இருந்த நர்சரியில் வேலைக்குப் போவது மேல் என்று பட்டது. செடிகள் கேள்வி கேட்பதில்லை. அங்கே மூத்த பெண்கள் நிழலில் உட்கார்ந்து கிளைகளைப் போத்துப் போத்தாக வெட்டிப் போடுவார்கள். போத்து என்றால் வேர்விடுவதற்காக ஊன்றுகிற சாண் நீளக் குச்சி. மண் நிரப்பிய கருப்புப் பைகளில் அவற்றை ஊன்றிக்கொண்டே போவது இவள் வேலை. அந்த நர்சரியில் போத்தின் நுனியைச் சரிவாகச் சீவுவார்கள், மழைத் தண்ணீர் தலையில் தங்காமல் வழிந்துவிட வேண்டும் என்று. அடியை மட்டமாக நறுக்குவார்கள். அதனால் எத்தனை கட்டு வந்து விழுந்தாலும் எது தலை எது கால் என்று யோசிக்க வேண்டியதில்லை. சீவிய முனை தானாகவே மேலே போகும். கை அது பாட்டுக்கு ஊன்றும், கண் வேறெங்காவது மேய்ந்துகொண்டிருக்கும்.

வாழ்க்கைப்பட்ட வீடு பஸ் டிப்போவுக்குப் பின்தெருவில் இருந்தது. முன்னால் தையல் கடை. மூத்தவளின் கணவர் தையல்காரர்; பூச்சியின் கணவன் லாரி டிரைவர், வந்தால் வந்தான் போனால் போனான். கடைக்குப் பின்னால் ஒரு நடை, அதன் இருபுறமும் ஆளுக்கு இரண்டு அறை. அதற்கும் பின்னால் முற்றம். அங்கே ஒரு குழாய், துணி துவைக்கும் கல், மூலையில் சாக்கடை ஓரமாக ஒரு களாச்செடி.

செடி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, கவட்டை முள்ளை நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு, கிட்டே வந்தால் தெரியும் சேதி என்று நின்றது. யாரும் நட்டதல்ல. ஏதோ பறவை போட்ட விதை. ஆட்டுக்கும் விறகு தேடி வருகிறவர்களுக்கும் தப்ப வைத்து அதை ஆளாக்கியவள் மூத்தவள். களாக்காயைக் கிள்ளினால் பால் வடியும், விரல் பிசுபிசுக்கும், நாக்கு தடித்துப்போகும். இந்தச் செடியின் காயில் பால் பேருக்குத்தான் இருந்தது. பழுத்தால் கட்டைவிரல் நுனி பருமன், கருநீலம், உள்ளே விதை ஒன்றோ இரண்டோ. அந்த விதையைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. முளைத்ததெல்லாம் காய் சிறுத்து, பால் கட்டி, வேலிக்கு மட்டும் ஆகிற செடியாக வந்து நின்றது. "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சொன்னவன் நம்ம களாவப் பார்க்கல" என்பார் தையல்காரர்.

அதில்தான் மூத்தவள் ஜாம் காய்ச்சினாள். டீக்கடைகளும் ஒரு பேக்கரியும் வாங்கிக்கொண்டன. பூச்சி வந்தபின் இரண்டு பேருமாகக் காய்ச்சினார்கள். கையில் பழைய சாக்கைச் சுற்றிக்கொண்டு பறிப்பது, இருக்கிற கொஞ்சப் பாலும் போக உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவது, கறுத்த பழத்தோடு செங்காயையும் ஒரு பிடி சேர்ப்பது. பழம் நிறத்துக்கு, செங்காய் இறுகுவதற்கு. அடுப்பங்கரையில் மூத்தவள் ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டே கிளறுவாள். பூச்சி பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொதியின் குமிழ் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கிற அந்த நொடியில் எழுந்து, துணியால் பிடித்து இறக்கிவிடுவாள். ஒரு தடவைகூடப் பதம் தப்பியதில்லை. "நான் கரண்டியால கிண்டுறேன், இவ கண்ணாலயே கிண்டுறா" என்று மூத்தவள் பேக்கரிக்காரரிடம் பெருமை பேசுவாள். அந்தப் பெருமைதான் பின்னால் வந்து குத்தியது.

முற்றத்துக்குச் சொந்தக்காரர் அந்த இடத்தை லாரி நிறுத்தும் கொட்டகைக்குக் கொடுத்துவிட்டதாக வந்து சொன்னார். அறைகளில் அவர்கள் இருந்துகொள்ளலாம். முற்றத்தை மட்டும் இயந்திரம் விட்டுத் தோண்டி மட்டம் செய்வார்கள். களாச்செடியை விட்டுவைக்க முடியுமா என்று மூத்தவள் கேட்டபோது, அவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முள்ளுச்செடிக்காக யாராவது கொட்டகையைத் தள்ளிக் கட்டுவார்களா என்று கேட்டார்.

அதே வாரத்தில் டிரைவர் இன்னொரு சேதியோடு வந்தான். லாரிக் கம்பெனி அவனுக்கு ஊரின் மறுகோடியில் குடியிருப்பு ஒதுக்கியிருந்தது. சமையலறையில் ஜன்னல் உண்டு, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் உண்டு. வீட்டுக்குள் சத்தம் எழவில்லை. எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூத்தவள் பாத்திரங்களை வைக்கிற வேகம் மட்டும் மாறியது. இடம் போகிறது என்று தெரிந்துதான் தம்பி பெண்டாட்டி தனிக்குடித்தனத்துக்கு அடிபோட்டாள், செடியையும் கையோடு கொண்டுபோகப் பார்க்கிறாள் என்று தையல் கடைக்கு வந்தவர்களிடம் சொன்னது நடை வழியாகப் பூச்சியின் காதுக்கு வந்தது. அவள் மறுத்துச் சொல்லவில்லை. ஜன்னல் உள்ள சமையலறை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதும் பொய் இல்லையே.

தையல்காரர்தான் நடுவில் புகுந்தார். செடியைத் தூக்கிப் போக முடியாது, அதன் வேர் சாக்கடைக் கல்லுக்கு அடியில் எங்கேயோ போயிருக்கிறது. விதையும் பிரயோசனமில்லை. போத்து வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். களா போத்திலிருந்து லேசில் வேர் பிடிக்காது, பத்து ஊன்றினால் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். இருந்தாலும் வேறு வழி இல்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி முள்வேலி வந்தால் தனக்கு ஆடு விரட்டுகிற வேலை மிச்சம் என்று அதன் காவலாளி மூத்தவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். பூச்சிக்குக் குடியிருப்பைச் சுற்றி மண் இருந்தது.

ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் செடியின் இரண்டு பக்கம் நின்று வெட்டினார்கள். ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்க்கவில்லை. இலையை உருவி, போத்துகளைக் கட்டி, பால் வடிந்து நிற்கட்டும் என்று ஈரச்சாக்கில் சுற்றி நடையில் வைத்தார்கள். மூத்தவளின் கட்டுக்குச் சிவப்புத் துணி, பூச்சியின் கட்டுக்கு நீலம், கடையில் விழுந்த வெட்டுத்துண்டுகள். கடைசிக் கிளையை இழுக்கும்போது முள் ஒன்று மூத்தவளின் உள்ளங்கையில் ஆழமாக இறங்கி உள்ளேயே ஒடிந்தது.

காலையில் அவள் கை முழங்கை வரை வீங்கியிருந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. இயந்திரம் வந்து தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. தையல்காரர் கடையை மூடிவிட்டு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் மூத்தவள் நின்றாள். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேராகப் பேசினாள்.

"பூச்சி. என்னோடதையும் நீயே ஊன்றிடு. காயவிட்டா போச்சு."

பூச்சி தலையாட்டினாள்.

முற்றம் தோண்டப்படுகிற சத்தத்துக்கு நடுவில் நடையில் உட்கார்ந்து அவள் பைகளில் ஊன்றினாள். முதலில் மூத்தவளின் கட்டு, அப்புறம் தன்னுடையது. கல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. களாச்செடி விழுந்தபோது சத்தமே வரவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்புக் கட்டின் பைகளை நடையின் வலப்பக்கம், நீலக் கட்டின் பைகளை இடப்பக்கம் வரிசையாக வைத்துத் தண்ணீர் தெளித்தாள்.

காய்ச்சலில் மூத்தவள் எழுந்து வரவில்லை. பூச்சி கஞ்சி வைத்துக் கொடுத்தாள், கட்டு மாற்றினாள், காலையும் மாலையும் பைகளுக்குத் தெளித்தாள். ஒரு வாரம் போய் இன்னும் சில நாள் ஆகியிருக்கும். இடப்பக்க வரிசையில் குச்சிகளின் மேலே கடுகளவு பச்சை தெரிந்தது. வலப்பக்கம் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒரே செடி, ஒரே மண், ஒரே தண்ணீர். அவள் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு குச்சியை மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

இலை உதிர்ந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். எந்தச் செடியிலும் மொட்டு அந்தத் தழும்புக்கு மேலேதான் உட்காரும். இந்தக் குச்சியில் மொட்டு தழும்புக்குக் கீழே இருந்தது.

அடுத்ததிலும் கீழே. அதற்கடுத்ததிலும். வலப்பக்கம் பூராவும், ஒன்று பாக்கியில்லாமல், தலைகீழாக நின்றது.

மூத்தவள் எந்த நர்சரிக்கும் போனவள் இல்லை. மண்ணில் இறங்க வேண்டிய பக்கத்தைத்தானே கூராக்க வேண்டும் என்று, ஆப்பு சீவுகிற மாதிரி அடியைச் சீவியிருக்கிறாள். அதுவும் ஒரு முறைதான், அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பூச்சியின் கை சீவிய முனையைத் தேடிப் பிடித்து மேலே விட்டுவிட்டது. மூத்தவளுடையது மொத்தமும் தலைகீழ். இவளுடையது மொத்தமும் நேர். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் இது எப்படித் தெரியும் என்று நினைத்துப் பார்த்தாள். கணக்காக, அடுத்தவளுடைய பங்கை மட்டும் தேடிப் பிடித்துக் குழிபறித்தது போலத் தெரியும். தாய்ச்செடி இருந்தாலாவது மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அது இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் தரை காய்ந்துகொண்டிருந்தது.

டிரைவருக்குப் போன் செய்தாள். அவன் எங்கோ சாலையோரத்தில் லாரியை நிறுத்திவிட்டுக் கேட்டான். விஷயம் புரிந்ததும் வாயைத் திறக்காதே என்றான். அதுதான் உனக்குக் கைவந்ததாயிற்றே. களா பத்துக்கு ஒன்றுதான் பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. யாராவது மொட்டைத் தேடிப் பார்க்கப்போகிறார்களா? குடி போகும் நாளும் நெருங்கிவிட்டது. போய்விட்டால் ஆறப்போடலாம்.

அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பேசாமல் இருந்தால் போதும். வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த ஒன்றை இன்னும் கொஞ்ச நாள் செய்தால் போதும். மூத்தவள் நம்பிவிடுவாள், அதிர்ஷ்டம் இல்லை என்று தன்னையே நொந்துகொள்வாள். ஜாம் காய்ச்சாத மூத்தவள் அப்புறம் எப்படி இருப்பாள் என்று நினைக்க முயன்றாள். அடுப்பங்கரையில் கரண்டி இல்லாமல் அவள் பேசுகிற காட்சியே வரவில்லை.

திருப்பி நட்டால் சில பிழைக்கலாம். காய்ந்துபோன அடியைப் புதிதாக நறுக்கி, இன்றோ நாளையோ நட வேண்டும். அதற்கு மேல் தாங்காது. சொல்லிவிட்டுச் செய்யலாம், செய்துவிட்டுச் சொல்லலாம், சொல்லாமலே செய்துவிடலாம். அவள் மூன்றாவதை எடுத்தாள். கட்டு மாற்ற மூத்தவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் நடையில் உட்கார்ந்து முதல் பையைக் கிளறினாள்.

சிலதைத் திருப்பி முடித்திருப்பாள். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் மூத்தவள். ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று பாதியிலேயே திரும்பியிருந்தாள். பூச்சியின் கையில் பிடுங்கிய போத்து ஒன்று, மண்ணோடு. மடியில் இன்னும் நாலைந்து. இடப்பக்க வரிசை தொட்ட சுவடு இல்லாமல் பச்சையாக நின்றது.

மூத்தவள் வலப்பக்கத்தைப் பார்த்தாள், இடப்பக்கத்தைப் பார்த்தாள்.

"என்னோடத மட்டும் பிடுங்கிக்கிட்டு இருக்கியா நீ?"

சொல்ல வேண்டியதெல்லாம் பூச்சிக்குள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது, எதுவும் வழி விடவில்லை. "இல்லக்கா" என்று மட்டும் வந்தது. அதுவும் அந்த நேரத்தில் ஒரு குற்றவாளி சொல்கிற 'இல்லை' போலவே இருந்தது.

மூத்தவள் கத்தவில்லை. ஒற்றைக் கையால் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். பூச்சி எழுந்து ஒரு பையைத் தூக்கப் போனபோது, தொட்டால் நடக்கிறதே வேறு என்று அந்தக் கண் சொன்னது. கடைசிப் பையும் போனதும் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பாதி வேலையில் நின்றுபோன போத்துகள் பூச்சியின் மடியிலேயே கிடந்தன.

அன்று முழுக்கப் பூச்சிக்கு அந்தக் கதவைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. உள்ளே, ஈரமான இருட்டில், தலைகீழாக நின்றுகொண்டு அவை செத்துக்கொண்டிருந்தன. கடையில் தையல் மெஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது நின்ற நேரத்திலெல்லாம் மூத்தவளின் குரல் கேட்டது. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியுமா, நான்தான் முட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தையல்காரர் சாப்பிட உள்ளே போகும் வழியில் பூச்சியின் வாசலில் நின்றார். நடந்தது என்னவென்று தனக்குத் தெரியாது, நீ வாயைத் திறந்தால்தான் நான் வாயைத் திறக்க முடியும் என்றார். போகும்போது, ஊமைக்கு வக்கீல் வைக்கிறது கஷ்டம் என்று முனகிக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் பூச்சி மூத்தவளின் வாசலுக்குப் போனாள். உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அடிய சீவியிருக்கீங்க. நாங்க நர்சரியில நுனியத்தான் சீவுவோம். நான் சீவினத மேல விட்டுட்டேன். உங்களோடது எல்லாம் தலைகீழா நிக்குது. இன்னைக்குத் திருப்பலன்னா ஒண்ணும் தேறாது."

இவ்வளவு நீளமாக அவள் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. தையல்காரர் வாயில் வைத்த டீயை விழுங்காமல் நின்றார்.

மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் நுனியைத்தான் சீவுவார்கள் என்றால் தானும் அப்படித்தானே சீவியிருப்பேன், கதை கட்டாதே என்றாள். குரலில் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. எப்படிச் சீவினோம் என்று அவளுக்கே நினைவில்லை. கை செய்கிற வேலையை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

தையல்காரர் டீயை வைத்துவிட்டு வெளியே போனார். டிப்போ சுவரோரத்திலிருந்து ஏதோ ஒரு செடியின் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து இரண்டாக முறித்து, ஆளுக்கு ஒன்றும் கூடவே ஒரு கத்தியும் நீட்டினார். "பேச்சு வேண்டாம். ரெண்டு பேரும் நடுறதுக்கு வெட்டுங்க" என்றார்.

மூத்தவள் முறைத்தாள். ஆனாலும் கத்தியை வாங்கினாள். கட்டுப் போட்ட கையில் கத்தி பிடிபடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். மேலே ஒரே மட்டமான நறுக்கு. கீழே, குச்சியைத் திருப்பி, நெஞ்சுப் பக்கமாகப் பிடித்து, சரக்கென்று ஒரு சீவல். வெட்டி முடித்து அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பூச்சி கத்தியை வாங்கி நுனியைச் சீவினாள். இரண்டு குச்சியும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"ஒருத்தி இடக்கை கத்திரி, ஒருத்தி வலக்கை கத்திரி" என்றார் தையல்காரர். யாரும் சிரிக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்று நினைத்துப் பூச்சி குளியலறைப் பக்கம் திரும்பினாள். மூத்தவள் நகரவில்லை. சாவி இடுப்பிலேயே இருந்தது.

"கை ஏமாந்துச்சு, சரி. ஒத்துக்கறேன். உன் கண்ணு எங்க போச்சு? குமிழ் வெடிக்கிறதுக்கு முன்னாடி தெரியுது உனக்கு. மொட்டு மேல இருக்கா கீழ இருக்கான்னு தெரியாமலா ஒவ்வொண்ணா ஊன்றின?"

இதற்குத்தான் பூச்சி பயந்திருந்தாள். சொல்லக்கூடிய பதில்கள் பல இருந்தன. இயந்திரச் சத்தம், அவசரம், மூத்தவளுக்குக் காய்ச்சலாயிற்றே என்ற கவலை. எல்லாம் நல்ல பதில்கள். ஒன்றும் உண்மை இல்லை.

"பார்க்கலக்கா" என்றாள். "புது வீட்டு ஜன்னல் நினைப்புல இருந்தேன். அதுக்கு என்ன திரை போடலாம்னு யோசிச்சுக்கிட்டே ஊன்றினேன்."

வெளியே ஒரு பஸ் பின்னோக்கி வந்து நின்றது. மூத்தவளின் முகம் சிவந்து, அப்புறம் தளர்ந்தது. செடி விழுந்துகொண்டிருந்த நேரத்தில் இவள் திரைக்கு நிறம் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்கவே எரிந்தது. ஆனால் பொய் சொல்கிறவள் இதைவிட நல்லதாக ஒன்றைத் தேடியிருப்பாள். இப்படித் தன் தலையில் தானே கொள்ளியை வைத்துக்கொள்கிற பொய் உலகத்தில் இல்லை.

மூத்தவள் சாவியை எடுத்துத் தரையில் போட்டாள். "திற" என்றாள்.

பைகளை நடையில் பரப்பி இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மூத்தவள் போத்தைப் பிடுங்கித் துடைத்துக் கொடுப்பாள், பூச்சி அடியைப் புதிதாக நறுக்கி நடுவாள். ஆனால் மூத்தவள் ஒரு நிபந்தனை போட்டாள். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து, எது தலை என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் மண்ணில் வைக்க வேண்டும்.

"இது தலை."

"அடுத்தது."

"இது தலை."

"சத்தமா சொல்லு. எனக்குக் கேக்கல."

குரல் கம்மும்வரை பூச்சி சொன்னாள். சில போத்துகள் ஏற்கெனவே கறுத்திருந்தன. அவற்றை மூத்தவள் ஒன்றும் சொல்லாமல் ஓரமாகப் போட்டாள். ஓரமாகப் போட்ட குவியல் பெரிதாகிக்கொண்டே வந்தது. தன்னுடையதில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பூச்சி இடப்பக்க வரிசையைக் காட்டினாள். மூத்தவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. தன் செடியில் தனக்கே பிச்சையா என்றாள்.

டிரைவர் வந்தான். குடி போக வேண்டிய நாள் தாண்டியும் பூச்சி மூட்டை கட்டவில்லை. கம்பெனியில் வீட்டை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவன் குதித்தான். வேர் பிடிக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்றாள். அவனுக்கு எரிச்சலைவிட ஆச்சரியம்தான் அதிகம். அவள் வேண்டாம் என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு லாரிக்குப் போனான்.

அந்த மாதம் மூத்தவள் அவளோடு தேவைக்கு மட்டும் பேசினாள். காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் தனித்தனியாக வந்து அந்தப் பைகளைப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு குச்சி சுருங்கியிருக்கும். இன்னொரு நாள் இன்னொன்று தோல் உரிந்து நிற்கும். ஒன்றில் பச்சை வந்தது, மூன்றே நாளில் வதங்கியது. அது குச்சியில் மிச்சமிருந்த சாற்றைக் குடித்து வந்த பச்சை, வேர் தந்தது இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. பூச்சியின் பக்கத்திலும் பெரும்பாலானவை வாடிப்போயின. ஆனாலும் அங்கே சில தழைத்து நின்றன. அவற்றைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது, தண்ணீர் தெளிக்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

சாமான் ஏற்ற லாரி வந்து நின்ற காலையில் மூத்தவளின் வரிசையில் மிஞ்சியது கொஞ்சம்தான். இலை இருந்தது. வேர் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். இழுத்தால் வேர் அறுந்துபோகவும் கூடும். மூத்தவள் தன் கையை நீட்டினாள், பாதியில் மடக்கிக்கொண்டாள். உள்ளங்கைப் புண் ஆறி வெகுநாள் ஆகியிருந்தது.

"நீ பாரு" என்றாள். "நட்டது உன் கைதானே."

பூச்சி முதல் குச்சியை இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கினாள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது, அடி கறுத்து. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதன் அடி வெள்ளையாகத் தடித்திருந்தது, ஆனால் வேர் இல்லை. மூத்தவள் ஒவ்வொன்றையும் வாங்கித் தரையில் வைத்தாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். தையல்காரர் போய் அவனிடம் ஏதோ சொன்னார், ஹாரன் நின்றது.

நான்காவதைப் பிடித்தபோது பூச்சியின் விரல் வேர்த்திருந்தது. தூக்கினாள். குச்சி வரவில்லை. குச்சியோடு சேர்ந்து பையின் மண் முழுக்க ஒரு இம்மி எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. அவள் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள்.

மூத்தவள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"விடு. பிடிச்சிருக்கு."

அப்புறம்தான் கையை எடுத்தாள். மிச்சம் இருந்தவற்றை இழுத்துப் பார்க்க வேண்டாம் என்றாள். ஒன்று போதும், நூறு வெட்டிக்கொள்ளலாம் என்றாள். அந்தப் பையைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வாசலுக்கு நடந்தாள். லாரியின் முன் கதவைத் திறக்கச் சொன்னாள்.

முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் போக வேண்டும், அப்புறம் உங்கள் வீடு என்றாள். அது எதிர்த் திசை, சாமான் ஏற்றிய வண்டி, சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று டிரைவர் ஆரம்பித்தான். பூச்சி ஏற்கெனவே ஏறி உள்பக்கம் நகர்ந்து, பக்கத்தில் மூத்தவளுக்கும் பைக்கும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.